மசேர் மனையின் நீரும் ஓவியமும்

இத்தாலி நாட்டின் வடகிழக்குப் பகுதியில், வெனிசு நகருக்கு வடமேற்கே, ஆல்ப்சு மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகள் சமவெளியோடு வந்து சேரும் இடத்தில் மசேர் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்க் குன்றின் சரிவில் தென்திசை நோக்கி நிற்கும் பார்பரோ குடும்பத்தார் மனை, ஐரோப்பியக் கலை வரலாற்றைக் கற்பார் அனைவரும் அறிந்ததொன்று. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை வகுத்தவர் ஆந்திரேயா பல்லாதியோ (1508–1580); அதன் உள்ளறைகளில் ஓவியம் தீட்டியவர் பவுலோ வெரோனேசே (1528–1588). தத்தம் துறையில் தலைநின்ற இருவர் ஒரே மனையில் தம் கைத்திறனைக் காட்டியமை அருகிய நிகழ்ச்சியாகும்.

பல்லாதியோ 1570-இல் வெனிசு நகரில் 'கட்டடக்கலை நான்கு நூல்கள்' என்னும் தம் பெருநூலை வெளியிட்டார். அதன் இரண்டாம் நூலில் தாம் வகுத்த மனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தரைப்படமும் முகப்புப் படமும் தந்து, சில வரிகளில் விளக்கிச் செல்கின்றார். மசேர் மனைக்கும் ஆங்கு இடமுண்டு. தூண்களைக் கூறுகின்றார், புறாமாடங்களைக் கூறுகின்றார், குதிரை இலாயத்தையும் கூறுகின்றார். எல்லாவற்றினும் மேலாக நீரைப் பற்றிக் கூறுகின்றார். ஆயின், இன்று உலகின் பல பகுதிகளினின்றும் மக்கள் எந்த ஓவியங்களைக் காண அம்மனைக்குச் செல்கின்றனரோ, அவற்றைப் பற்றியும், அவற்றைத் தீட்டியவரைப் பற்றியும் ஒரு சொல்லும் கூறினாரல்லர்.

ஒரு நூல் ஒன்றைக் கூறாமையினாலேயே அஃது அக்காலத்து இல்லை என முடிவு கட்டுதல் ஆகாது என்பது ஆராய்ச்சித் துறையில் யாவரும் ஒப்பும் நெறி. ஆனால் இங்கே நிலைமை வேறு. கூறப்படாத பொருள் நம் கண்முன் நிற்கின்றது. எனவே பொருள் உண்டா இல்லையா என்னும் வினா எழவில்லை. கூறாமையின் காரணமே ஆராய்தற்குரியதாகின்றது. அக்காரணத்தைத் தேடப் புகின், அம்மனை எதன்பொருட்டுக் கட்டப்பட்டது என்னும் அடிப்படை வினாவிற்கு நாம் செல்ல வேண்டியவர்களாகின்றோம். மசேர் மனையைச் செல்வர் இன்பமாகப் பொழுது போக்கிய பொழில் மாளிகை என்று கூறும் நூல்கள் பல. அக்கூற்று பாதியே உண்மை என்பது நம் கருத்து. அதனை நிறுவுதற்குப் பல்லாதியோவின் சில வரிகளே போதிய சான்றாகும்.

முதற்கண், 'வில்லா' என்னும் சொல்லின் பொருளைத் தெளிதல் நலம். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் தோட்டஞ் சூழ்ந்த தனிமாளிகை ஒன்று நம் நினைவிற்கு வருகின்றது. பதினாறாம் நூற்றாண்டு வெனிசு நாட்டாருக்கு அஃது அம்மட்டில் அமையவில்லை. நிலமும், நிலத்தின் விளைவைச் சேர்க்கும் களஞ்சியமும், தொழுவமும், மது வடிக்கும் கூடமும், இவற்றையெல்லாம் மேற்பார்க்கும் உடையவன் தங்கும் இல்லமும் ஆகிய முழுத்தொகுதியே அவர்க்கு வில்லா எனப்பட்டது. உடையவன் இல்லம் அத்தொகுதியின் ஓர் உறுப்பேயாகும். பல்லாதியோவும் தம் நூலில் உடையவன் இல்லத்தை வேறாகவும், வேளாண்மைக்குரிய கட்டடங்களை வேறாகவும் எண்ணி, அவ்விரண்டையும் இணைக்கும் முறையையே விரித்துரைக்கின்றார்.

கடலோடிகளான வெனிசுப் பெருங்குடியினர் நிலத்தின்பால் நாட்டங்கொண்டது எவ்வாறு என்னும் வினாவிற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. 1498-இல் வாசுகோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். மிளகு வாணிகம் போர்த்துகேசியர் கைக்கு மாறிற்று. வருவாயிழந்த வெனிசுச் செல்வர் கலத்தை விட்டுக் கலப்பையைப் பற்றினர் என்பதே அது. கேட்பதற்கு இனிய விடைதான். நம் மேலைக் கடற்கரையின் மிளகுக் கொடியோடு இத்தாலியக் குன்றின் மாளிகையை ஒரே வாக்கியத்தில் முடிச்சிடுவதால் அது நம்மவர்க்குக் கூடுதலான சுவையும் தரும். ஆனால் கால அடைவு அதற்கு இடந்தரவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் செங்கடல் வழியாகவும் அலெக்சாந்திரியா வழியாகவும் மிளகு மீண்டும் வெனிசிற்குப் பெருவாரியாக வந்துகொண்டிருந்தது என்பதைப் பிரெடரிக் லேன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1940-இல் வெளியிட்ட கட்டுரையில் சான்று காட்டி விளக்கினார். மசேர் மனை எழுந்த காலமும் அதுவே. செசாரே பெதரிச்சி என்னும் வெனிசு வணிகர் 1563-இல் தம் நகரைவிட்டுப் புறப்பட்டு, பல ஆண்டுகள் கீழைநாடுகளிற் சுற்றி, விசயநகரத்தையும் நாகப்பட்டினத்தையும் சாந்தோமையும் கண்டு 1581-இல் திரும்பினார். வாணிக ஊக்கம் அற்றுப்போன நகரினின்றும் இத்தகையோர் புறப்படார்.

ஆகவே காரணத்தை நிலத்திலேயே தேடுதல் வேண்டும். நூற்றாண்டின் தொடக்கத்தில், 1509-இல் அஞ்ஞாதெல்லோ என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் வெனிசு தன் நிலப்பகுதி முழுவதையும் இழக்கும் நிலை எய்திற்று; பின்னர்ச் சில ஆண்டுகளில் அதனைப் பெரும்பாலும் மீட்டது. மீட்ட நிலத்தில் ஆட்சி உறுதிப்பட்டது. மக்கட்டொகை பெருகிற்று, கூலத்தின் விலை ஏறிற்று. தொலைநாட்டுக் கூலத்தை நம்பியிருத்தல் ஆபத்து என்பதை அரசும் உணர்ந்தது. சதுப்பு நிலங்களை வடித்தும் வறண்ட நிலங்களுக்கு நீர் பாய்ச்சியும் விளைநிலமாக்குவதற்கென்றே 1556-இல் நிலையான ஆட்சிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பதுவா நகரத்து அல்விசே கொர்நாரோ என்பார் உழவைத் 'தூய உழவு' எனப் போற்றி, நிலத்திருத்தத்தை ஓர் அறமாகவே பரப்பி வந்தார். நீரை ஆள்பவன் நிலத்தை ஆள்வான் என்னும் எண்ணம் எங்கும் நிலவிய காலத்தில் மசேர் மனை தோன்றிற்று என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி, அம்மனையின் உடையவர்களைக் காண்போம். பிரான்செசுகோ பார்பரோவின் மக்கள் தானியேலே (1514–1570), மார்க்காந்தோனியோ (1518–1595) என்னும் உடன்பிறந்தார் இருவர். தந்தைவழி வந்த மசேர் நிலம் அவர்கட்கு உரிமையாயிற்று. இருவரும் வெனிசுக் குடியரசின் உயர்பணிகளில் அமர்ந்தவர்கள். இளையவர் மார்க்காந்தோனியோ பிரான்சு நாட்டில் தூதராக இருந்தார். பின்னர் 1568-இல் கான்சுதாந்திநோபிளுக்குச் சென்று, சைப்பிரசுப் போர் மூண்ட காலத்துக் காவலில் வைக்கப்பட்டிருந்தும், 1573-ஆம் ஆண்டின் உடன்படிக்கையைப் பேசி முடித்த பெருமை உடையவர்.

மூத்தவர் தானியேலே 1549 முதல் 1551 வரை இங்கிலாந்தில் தூதராக இருந்தார். 1550-இல் அக்குவிலேயா என்னும் திருச்சபைப் பீடத்திற்கு அடுத்த தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அப்பீடத்தில் அமர்ந்திருந்தவர் இவரினும் நெடுநாள் வாழ்ந்தமையால், அப்பதவி இவருக்குக் கைகூடாமலே போயிற்று. ஆயினும் நமக்கு வேண்டப்படுவது அவருடைய பதவிகள் அல்ல. அவர் ஓர் உரையாசிரியர். உரோமானியக் கட்டடக்கலை ஆசிரியராகிய விட்ரூவியசு இலத்தீன் மொழியில் இயற்றிய பத்து நூல்களை இத்தாலிய மொழியில் பெயர்த்து, விரிவான உரையோடு 1556-இல் வெளியிட்டார். மூலநூலின் நடை கடினமானது. அதன் படங்கள் அழிந்தொழிந்தன. கலைச்சொற்கள் பல பொருள் விளங்காதன. இத்தகைய நூலுக்கு உரை வகுப்பதன் அருமையை, வழக்கொழிந்த சொற்களோடும் பாடவேறுபாடுகளோடும் நாள்தோறும் போராடும் தமிழ் மாணவர்க்கு நாம் விரித்துக் கூற வேண்டுவதில்லை. அவ்வுரைக்குப் படம் வரைந்து துணைநின்றவர் பல்லாதியோ. 1554-இல் இருவரும் உரோம் நகரத்துச் சிதைவுகளை நேரிற் கண்டு ஆராய்ந்தனர். கல்தச்சராகத் தொழில் தொடங்கிய பல்லாதியோவும், தத்துவமும் கணிதமும் கற்ற தானியேலேயும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர் எனல் பொருந்தும்.

மசேர் மனையின் வேலை ஏறத்தாழ அக்காலத்தே தொடங்கி, அப்பத்தாண்டின் இறுதிக்குள் பெரும்பாலும் முடிவுற்றது எனக் கொள்வர். உரை எழுதிய கையும் மனை வகுத்த கையும் ஒரே ஆண்டுகளில் இயங்கின என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

பல்லாதியோவின் விளக்கத்தை இனி நோக்குவோம். வேறு மனைகளைப் பற்றிக் கூறுமிடத்துப் பெரும்பாலும் உடையவர் பெயர், இடம், அறைகளின் அளவு என்ற முறையில் அவர் செல்வார். மசேரைக் கூறுமிடத்து, மனையின் முன்னே சற்று நீண்டு நிற்கும் பகுதிக்கு இரண்டு அடுக்கு அறைகள் உள்ளன என்று தொடங்கி, உடனே நீரிடத்திற்குச் சென்றுவிடுகின்றார். மேலடுக்கின் தளம், மனைக்குப் பின்னுள்ள முற்றத்தின் தரையோடு ஒரே மட்டத்தில் அமைந்துள்ளது என்கின்றார். குன்றின் சரிவில் கட்டப்பட்டமையால் முன்புறத்தே மாடியாக இருப்பது பின்புறத்தே தரையாகின்றது. அப்பின்முற்றத்தில், மனைக்கு எதிரே குன்றைக் குடைந்து ஓர் ஊற்று அமைக்கப்பட்டுள்ளது. அளவிறந்த சுதைவேலையும் ஓவியமும் அதனை அணிசெய்கின்றன. ஊற்றின் நீர் ஒரு சிறு குளமாகத் தேங்குகின்றது. அது மீன்குளமாகப் பயன்படுகின்றது. அங்கிருந்து புறப்படும் நீர் அடுக்களைக்குச் செல்கின்றது. அடுக்களையினின்றும் வெளிப்பட்டு, மனைக்கு ஏறிவரும் வழியின் இருமருங்கும் உள்ள தோட்டங்களை நனைக்கின்றது. பின்னர்ப் பொதுச்சாலையை அடைந்து, அங்கே இரண்டு மீன்குளங்களையும், கால்நடைகள் நீர் அருந்தும் தொட்டிகளையும் நிரப்புகின்றது. முடிவில், மிகப் பெரியதும் நல்ல பழமரங்கள் நிறைந்ததும் ஆகிய தோப்பிற்குப் பாய்கின்றது.

இவ்விளக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். இஃது ஒரு மாளிகையின் வருணனையன்று. ஒரு வாய்க்காலின் வருணனை. மேட்டில் தோன்றிய நீர், அழகுக்குரிய ஊற்றாகவும், உணவுக்குரிய குளமாகவும், சமையலுக்குரிய நீராகவும், செடிக்கும் விலங்கிற்கும் மரத்திற்கும் உரிய பாய்ச்சலாகவும் படிப்படியாக இறங்குகின்றது. ஒரே நீர்; ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு பயன். தூய நீர் வேண்டும் இடம் முதலிலும், கலங்கிய நீரையும் ஏற்கும் இடம் பின்னரும் வருகின்றன. ஏரியின் மதகினின்றும் கடைமடை வரை நீர் செல்லும் முறையை அறிந்த நம் உழவர்க்கு இதில் வியப்பொன்றும் தோன்றாது. வியப்பெல்லாம், ஊற்றின் பின்னே நிற்கும் சுதைச் சிலைகளை மட்டும் படம் பிடித்து நீரை மறந்த கலைநூலார்க்கே உரியது.

அவ்வூற்றிடம் இலத்தீன் மரபிலே நீரரமகளிர்க்கு உரிய கோட்டமாகக் கருதப்படும். அரைவட்டமான சுவர்; அதில் மாடக்குழிகள்; அவற்றுள் தெய்வ உருவங்கள்; நடுவே குன்றினுட் செல்லும் வாயில். இச்சுதைச் சிற்பங்களை அலெசாந்திரோ வித்தோரியாவின் வேலை என்று சிலர் கூறுவர். சிற்பத்தில் விருப்பமுடையவராயிருந்த மார்க்காந்தோனியோவே தம் கையாற் செய்தது என்று வேறு சிலர் கூறுவர். உருவங்களின் உறுப்பளவு ஆங்காங்கே பிறழ்ந்து, தேர்ந்த கைக்குப் பொருந்தாத தடிப்புடன் காணப்படுதலின், பின்னோர் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகின்றது. வித்தோரியா போன்ற சிற்பியின் மீது இப்பிழைகளை ஏற்றுதல் முறையன்று.

கட்டடத்தைப் பற்றி விரிவாகக் கூற வேண்டுவதில்லை. நடுவில் உடையவன் இல்லம். அதன் முகப்பில் அயோனியப் பாணியிலமைந்த நான்கு பெருந்தூண்கள் சுவரோடு ஒன்றி நின்று, கோயிலுக்குரிய முக்கோண முகட்டைத் தாங்குகின்றன. இல்லத்தின் முகப்பிற்குக் கோயில் முகட்டை அமைக்கலாமா என்னும் வினாவிற்குப் பல்லாதியோ, பழங்கோயில்களே ஆதியில் இல்லத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை என்று விடை கூறினார். இருபுறமும் வளைவுகளையுடைய தாழ்வாரங்கள் நீண்டு செல்கின்றன. அவற்றின் கடைசியில் புறாமாடங்கள்; அவற்றின் முகப்பில் கதிரவன் நிழலால் பொழுதறியும் வட்டங்கள். புறாமாடத்தின் கீழே மது வடிக்கும் இடமும் குதிரை இலாயமும் வேளாண்மைக்குரிய பிற இடங்களும் அமைந்தன. கோயில் முகடும் இலாயமும் ஒரே நேர்கோட்டில், ஒரே கூரைத்தொடரில் நிற்கின்றன. பிற நாட்டுப் பிரபுக்கள் தொழுவத்தைக் கண்ணுக்கு மறைவாக வைத்தனர். இவர்களோ அதனை முகப்பிலேயே வைத்தனர்.

இல்லத்தின் மேலடுக்கிற்குச் செல்வோம். சிலுவை வடிவான கூடம் ஒன்று நடுவில் உளது. அதன் தென்கை சமவெளியை நோக்கித் திறக்கின்றது. வடபுறத்தே 'ஒலிம்பக் கூடம்' எனப்படும் அறை. அதன் வாயில் ஊற்று முற்றத்திற்குத் திறக்கின்றது. இருபுறமும் சிற்றறைகள். இவ்வறைகளின் சுவர்களிலும் விதானங்களிலும் வெரோனேசே, சுண்ணச்சாந்து ஈரமாயிருக்கும்போதே வண்ணம் ஏற்றும் முறையில் ஓவியங்களைத் தீட்டினார். காலம் 1560-ஐ ஒட்டிய சில ஆண்டுகள் எனப் பெரும்பாலோர் கொள்வர். ஓவியர்க்கு அப்போது அகவை முப்பதைச் சற்றே கடந்திருந்தது.

இவ்வோவியங்களின் முதற் சிறப்பு, இல்லாத கட்டடத்தை உள்ளதுபோற் காட்டுவதாகும். சுவரில் தூண் நிற்கின்றது, அது வண்ணமே. மாடக்குழியில் இசைக்கருவி ஏந்திய மகளிர் நிற்கின்றனர். குழியும் இல்லை, சிலையும் இல்லை. பாதி திறந்த கதவொன்றின் வழியே ஒரு சிறுமி எட்டிப் பார்க்கின்றாள். கதவும் சிறுமியும் சுவரேயாவர். யாரோ மறந்து விட்டுச் சென்றாற்போல ஒரு துடைப்பமும் ஒரு சோடிச் செருப்பும் ஓரிடத்தில் தீட்டப்பட்டுள்ளன. பேரறிஞரான திருச்சபைத் தலைவரின் இல்லத்தில் ஓவியர் இத்தகைய விளையாட்டைச் செய்துள்ளமை, அவ்வில்லத்தார் நகைச்சுவை அறியாதவரல்லர் என்பதற்குச் சான்று.

ஒலிம்பக் கூடத்தின் விதானத்தில் தேவர் கூட்டம் சூழ்ந்திருக்க, நடுவில் வெண்ணிற உடை அணிந்த பெண்ணொருத்தி பெரும்பாம்பு போன்ற விலங்கின்மேல் அமர்ந்திருக்கின்றாள். அவள் யார் என்பதில் கருத்து வேறுபாடு மிகுதி. தெய்வ அறிவு என்பர் ஒரு சாரார். என்றுமுள்ள காலம் என்பர் ஒரு சாரார். கலைத்தெய்வங்களுள் ஒருத்தியாகிய தாலியா என்பாரும் உளர். இவ்வாராய்ச்சியிற் செலவிடப்பட்ட மை சிறிதன்று. நமக்கு அவளினும் நான்கு மூலைகளே முதன்மையாகத் தோன்றுகின்றன. அங்கே நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு பூதங்கள் முறையே சிபெலே, நெப்டியூன், வல்கன், யூனோ என்னும் தெய்வங்களின் வடிவில் உள்ளன. விதானத்தின் கீழ் வளைவுகளில் பருவங்கள் இடம்பெறுகின்றன; கூலத்தின் தெய்வமாகிய சீரிசும், கொடிமுந்திரியின் தெய்வமாகிய பாக்கசும் ஆண்டு அமர்ந்துள்ளனர். நிலமும் நீரும் பருவமும் விளைவும் என்னும் இவை ஓர் உழவன் நாட்குறிப்பிற்குரிய பொருள்களல்லவோ? பாக்கசின் பெயரால் வழங்கும் அறையிலே அத்தெய்வம் மக்களுக்கு மதுவை அறிமுகப்படுத்துகின்றது. தாழ்வாரத்தின் கோடியிலோ அம்மது உண்மையிலேயே வடிக்கப்பட்டது.

அக்கூடத்தில் விதானத்திற்குச் சற்றுக் கீழே, தீட்டப்பட்ட மேன்மாடம் ஒன்றில் சாய்ந்து நின்று மார்க்காந்தோனியோவின் மனைவி சுசுதினியானா நம்மைப் பார்க்கின்றாள். அருகே முதிய செவிலி, ஒரு பிள்ளை, ஒரு கிளி, ஒரு சிறு நாய். எதிர்ப்புறத்து மாடத்தில் அவள் புதல்வர். தேவருலகிற்கும் மனிதர் நடமாடும் தரைக்கும் இடையே இல்லத்தார் நிறுத்தப்பட்டுள்ளனர். செவிலிக்கும் ஏவலிளைஞனுக்கும் இச்சுவர்களில் இடம் கிடைத்தது. வாய்க்கால் வெட்டியவனுக்கும் கொடிமுந்திரி பறித்தவளுக்கும் அவ்வாறு முகங்காட்டி நிற்கும் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் உழைப்பின் பயன் தெய்வங்களின் பெயரிலே வரவு வைக்கப்பட்டது.

இனி நிலக்காட்சிகளைக் கூறுவோம். தீட்டப்பட்ட தூண்களுக்கிடையே, தீட்டப்பட்ட கைப்பிடிச் சுவருக்கு அப்பால், துறைமுகங்களும் ஆறுகளும் இடிந்த உரோமானியக் கட்டடங்களும் தொலைக் குன்றுகளும் தோன்றுகின்றன. இச்சிதைவுகளை ஓவியர் நேரிற் கண்டவாறே வரைந்தாரல்லர். இரோனிமுசு கோக்கு என்னும் பிளாந்தர்சு நாட்டவர் 1551-இல் வெளியிட்ட அச்சுப்படங்கள் சிலவற்றைத் தழுவியுள்ளார் என ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். ஆயினும் இவ்வகைக் காட்சிகளையே தேர்ந்தமைக்குக் காரணம் யாது? விட்ரூவியசு தம் ஏழாம் நூலில், முன்னோர் தம் நடைக்கூடங்களில் துறைமுகம், கடற்கரை, ஆறு, ஊற்று, சோலை, மலை முதலிய நிலத்தோற்றங்களைத் தீட்டினர் என்று பாராட்டி, தம் காலத்தார் இயற்கையில் இல்லாத கோர உருவங்களைத் தீட்டுதலைக் கடிகின்றார். தானியேலேயும் அவ்விடத்து உரையில் அத்தகைய உருவங்களை ஓவியத்தின் கனவு என்று இகழ்கின்றார். மூலம் விதித்ததும் உரை போற்றியதும் மசேர்ச் சுவரில் உள்ளன. மேலும், காட்சித் தொலைவைக் கணக்கிட்டு வரையும் முறை பற்றித் தானியேலே தனிநூல் ஒன்றும் எழுதினார். தட்டையான சுவரைத் திறந்த வெளியாகக் காட்டும் கலை அவர் நெடுநாள் ஆராய்ந்த பொருள். எனவே அந்நிலக்காட்சிகளில் ஓவியரின் கையோடு உரையாசிரியரின் கருத்தும் கலந்துள்ளது என்பது நம் துணிபு. வெரோனேசே தீட்டிய தானியேலேயின் உருவப்படம் ஒன்று ஆம்சுதர்தாம் அருங்காட்சியகத்தில் உளது. அதில் தானியேலே தம் விட்ரூவிய உரைநூலோடு அமர்ந்திருக்கின்றார் என்பதையும் இதனோடு இயைத்து நோக்குக.

இப்போது பல்லாதியோ ஓவியங்களைக் கூறாமைக்கு மீள்வோம். தற்கால எழுத்தாளர் பலர் உரைக்கும் காரணம் பொறாமை அல்லது வெறுப்பு. தாம் அளந்து எழுப்பிய சுவர்களை ஓவியர் தூரிகையால் உடைத்துத் திறந்துவிட்டார் எனக் கட்டட வல்லுநர் சினந்தார் என்பர். இது கதைக்கு நயமாகலாம், சான்றுக்கு நில்லாது. மல்கொந்தேந்தா என வழங்கும் பொசுகரி மனையிலும், பன்சோலோவில் உள்ள எமோ மனையிலும் பத்திசுதா செலோத்தி இத்தகைய பொய்த்தூண்களையும் பொய்வெளிகளையுமே தீட்டினார். அவ்விடங்களிற் பல்லாதியோ செலோத்தியின் பெயரைத் தயங்காது கூறுகின்றார். வெரோனேசேயின்பால் தனிப்பகை இருந்தது என்றலும் பொருந்தாது. அதே இரண்டாம் நூலில், விச்சென்சா நகரத்து இசெப்போ போர்த்தோவின் மனையைக் கூறுமிடத்து, வெரோனேசேயை மிகச் சிறந்த ஓவியர் என்றே புகழ்கின்றார்.

மற்றொரு விளக்கம், மசேர் பற்றிய குறிப்பு ஓவியங்கட்கு முன்னரே எழுதப்பட்டு, பின்னர்த் திருத்தப்படாமல் அச்சேறிற்று என்பது. இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. பல்லாதியோ பல ஆண்டுகளாகத் தம் நூலுக்குரிய பகுதிகளைத் திரட்டி வந்தவர். ஆயினும் ஊற்றிடத்துச் சுதைவேலையையும் ஓவியத்தையும் அக்குறிப்பு கூறுகின்றது. வெளிமுற்றத்தின் அணிவேலை முடிந்த நிலையைக் கண்டவர், அல்லது அறிந்தவர், உள்ளறைகளின் நிலையை அறியாதிருந்தார் என்றல் எளிதன்று. அச்சிற்குமுன் ஒரு வரி சேர்த்தலும் அரிய செயலன்று.

நாம் கருதுவது வருமாறு. பிற மனைகளின் உடையவர் செல்வர். கலைஞரை அமர்த்திக் கூலி தந்தனர். அவ்விடங்களில் ஓவியரைப் பெயர் சுட்டிப் புகழ்தல், உடையவரின் தேர்வைப் புகழ்தலாகவே முடியும். மசேரின் நிலை அதுவன்று. அங்கு உடையவரே அறிஞர். ஓவியத்தின் பொருளை வகுத்தவர் அவர். ஊற்றின் சிற்பத்தில் ஒருவேளை கையிட்டவர் அவர் இளவல். பல்லாதியோ அங்கே வல்லுநர் மட்டும் அல்லர், நண்பரும் மாணவரும் ஆவர். சுதையையும் ஓவியத்தையும் அளவிறந்தன என்று கூறிச் செய்தவர் பெயரை ஊற்றிடத்தும் விடுகின்றார் என்பதை நோக்கின், இஃது ஒரு கலைஞரை மறைக்கும் மௌனமன்று, எல்லாக் கலைஞரையும் ஒருங்கே மறைக்கும் மௌனம் என்பது புலனாகும். அவ்விடத்தை அவர் உடையவர்க்கே விட்டுவிட்டு, தமக்குரியதாகிய நீரின் வழியையும் தளத்தின் மட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார். மசேரில் கட்டட வல்லுநருக்கு இருந்த கடினமான வேலையும் அதுவே. சமவெளியில் எவரும் தாழ்வாரம் கட்டலாம். குன்றைக் குடைந்து, ஊற்றை மாடியின் மட்டத்திற்குக் கொணர்ந்து, அதே நீரை அடுக்களைக்கும் சாலைக்கும் தோப்பிற்கும் தன் எடையாலேயே இறங்கச் செய்தல் எல்லார்க்கும் இயலாது.

மனையின் பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். பார்பரோ மரபினரிடமிருந்து அது பிற குடும்பங்களுக்குச் சென்றது. வெனிசுக் குடியரசின் இறுதித் தலைவராகிய லுதோவிகோ மனினின் குடும்பமும் அதனை ஒருகாலத்து ஆண்டது. பின்னர்ச் சீர்கெட்டிருந்த அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சாந்தே சக்கொமெல்லி என்னும் தொழிலதிபர் வாங்கிப் புதுப்பித்தார். 1934-இல் அது வொல்பி குடும்பத்தாரிடம் வந்தது. அவர்கள் காலத்தில் ஓவியங்கள் திருத்தமுற்றன. 1996-இல் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம், விச்சென்சா நகரோடு சேர்த்துப் பல்லாதியோவின் நாட்டுப்புற மனைகளையும் உலக மரபுச்செல்வப் பட்டியலில் இணைத்தபோது மசேரும் அதில் இடம்பெற்றது. இன்றும் அது தனியார் இல்லமே, பார்வையாளர்க்கும் திறந்துவிடப்படுகின்றது. அதன் நிலத்தில் இன்றும் கொடிமுந்திரி விளைகின்றது, மதுவும் வடிக்கப்படுகின்றது.

இறுதியாகக் கல்வெட்டுச் சான்று ஒன்றும் உண்டு. மனையின் முகப்பில், தூண்களுக்கு மேலே, அக்குவிலேயாவின் தலைவராகிய தானியேலே பார்பரோவும் அவர் உடன்பிறந்த மார்க்காந்தோனியோவும், பிரான்செசுகோவின் மக்கள், என்னும் பொருள்பட இலத்தீன் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வகுத்தவர் பெயரும் இல்லை; தீட்டியவர் பெயரும் இல்லை. தானியேலே மறைந்து பத்தாண்டுகள் சென்றபின், மார்க்காந்தோனியோ குன்றின் அடியில் சாலையோரமாக ஒரு சிறு கோயிலை எழுப்புவித்தார். உரோம் நகரத்துப் பாந்தியனை நினைவூட்டும் வட்டக்கோயில் அது. பல்லாதியோவின் இறுதி வேலைகளுள் ஒன்று. அவர் அதே 1580-இல் இறந்தார். மசேரிலேயே இறந்தார் என்று வழங்கும் செய்தியும் உண்டு. அக்கோயிலின் முகப்பில் 1580 என்னும் ஆண்டோடு, கட்டுவித்தவர் பெயரும் வகுத்தவர் பெயரும் சேர்ந்தே பொறிக்கப்பட்டுள்ளன. மூத்தவர் காலத்து மனையில் கிடைக்காத இடம் இளையவர் காலத்துக் கோயிலில் பல்லாதியோவிற்குக் கிடைத்தது.

வெரோனேசேயின் பெயர் இவ்விரண்டிலும் இல்லை. மேலடுக்கின் அறைகள் ஒரே நேர்வரிசையில் திறந்து கிடக்க, ஒரு கோடிச் சுவரில் வேட்டையாடித் திரும்பிய ஒருவன், அப்போதுதான் கதவைத் திறந்து உள்ளே வருவான்போலத் தீட்டப்பட்டுள்ளான். அவன் ஓவியரே என்பது அவ்விடத்து வழங்கும் மரபு. அதற்கு எழுத்துச் சான்று கிடையாது. மறுகோடிச் சுவரில் பெண்ணொருத்தி, அத்தனை அறைகளையும் ஊடுருவி, அவனை நோக்கி நிற்கின்றாள்.